முதலில் மின்கலமும் மோட்டரும்: பிள்ளைகளுக்கு ரோபோ கற்பிக்கும் வரிசை

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு தாயாரின் கேள்வி இது. மகன் தரம் 6, மகள் தரம் 3. ரோபோ வகுப்பு, கோடிங் வகுப்பு என்று பார்க்கும் இடமெல்லாம் விளம்பரங்கள். எந்த வயதில் எதைத் தொடங்குவது, மடிக்கணினி வாங்குவதா ரோபோத் தொகுதி (பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்குவதா, நல்ல வகுப்பை எப்படி இனங்காண்பது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகவேண்டிய பிள்ளைக்கு இது வீண் சுமையாகிவிடாதா என்று கேட்கிறார்.

பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய அறையில் பிள்ளைகளுக்கு இதையே கற்பித்துவருகிறேன். அதற்கு முன்பு ஒரு தனியார் நிறுவனத்திலும் கற்பித்தேன். இரண்டு இடங்களிலும் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

இப்போதைக்கு மடிக்கணினியும் வேண்டாம், தொகுதியும் வேண்டாம். இரண்டு பென்டோர்ச் பற்றரிகள், பொம்மைக் காரில் இருக்கும் அளவில் ஒரு சிறிய மோட்டர், ஒரு முழம் வயர், ஒட்டுநாடா, ஒரு பழைய பற்தூரிகை. முதல் மாதத்துக்கு இவை போதும். மகன், மகள் இருவருக்கும் போதும்.

பிள்ளை மோட்டரை மின்கலத்தோடு தொடுக்கிறது, அச்சு சுழல்கிறது. வயர்களை இடம் மாற்றித் தொடுக்கிறது, எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது. இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். மோட்டரின் அச்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்த சிறிய சுமையை ஒட்டினால் மோட்டர் அதிரும். அந்த மோட்டரைப் பற்தூரிகையின் தலையில் கட்டினால் தூரிகை மேசையில் ஊர்ந்து ஓடும். சுமையைச் சற்று இடம் மாற்றினால் ஊர்ந்து போகும் திசையும் மாறும். இதில் ஒரு வரிகூடச் செய்நிரல் (கணினிக்கான கட்டளை வரிசை) இல்லை. ஆனால் மின்சுற்று என்றால் மூடிய வழி, ஓர் இடத்தில் அறுந்தாலும் எல்லாம் நின்றுவிடும் என்பதைப் பிள்ளையின் விரல் அறிந்துகொள்கிறது. பின்னாளில் அதற்கு வரப்போகும் சிக்கல்களில் பாதி, எங்கோ கழன்ற ஒரு வயரால் வருபவைதான்.

இந்த இடத்தில்தான் நான் வரிசையைப் பற்றிச் சொல்ல விரும்புவது தொடங்குகிறது. அடுத்த படிக்குப் போகும் நாளை நாட்காட்டியோ கட்டணப் பற்றுச்சீட்டோ தீர்மானிக்கக்கூடாது. கையில் இருப்பது போதவில்லை என்று பிள்ளைக்கே தோன்றவேண்டும். பற்தூரிகை ஓடுகிறது, ஆனால் நிறுத்தமுடியவில்லை. உடனே ஓர் ஆளி (சுவிட்ச்) வேண்டும் என்று பிள்ளை கேட்கிறது. ஆளி வந்தபிறகு, சுவரில் முட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் அழுத்தவேண்டியிருக்கிறது. "இது தானாக நிற்காதா, சேர்?" என்று ஒரு நாள் கேட்கும். செய்நிரலைப் பற்றிப் பேசவேண்டிய நாள் அதுதான். அதற்கு முன்பு பேசினால், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும்.

செய்நிரலுக்கும் உடனே திரை தேவையில்லை. நான் முதலில் பிள்ளைகளைத் தரையில் நடக்கவிடுகிறேன். ஒரு பிள்ளை ரோபோ. மற்றவர்கள் கட்டளை இடுபவர்கள். "ஐந்து அடி முன்னால் போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு" என்பதை நான்கு தடவை சொன்னால் சதுரம் வரும். இதை எல்லாப் பிள்ளைகளும் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். பிறகு சமபக்க முக்கோணம் நடக்கச் சொல்வேன். முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பாடசாலையில் படித்த பிள்ளைகள் "60 பாகை திரும்பு" என்கிறார்கள். ரோபோவாக நடக்கும் பிள்ளை மூன்று பக்கம் நடந்தும் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்வதில்லை. நான் ஒன்றும் சொல்வதில்லை. வாக்குவாதம் நடக்கும், சோக்கட்டியால் தரையில் கோடு போடுவார்கள். கடைசியில், நடப்பவர் திரும்பவேண்டியது உள்ளே இருக்கும் கோணத்துக்கு அல்ல, வெளியே இருக்கும் 120 பாகைக்கு என்று ஒருவர் கண்டுபிடிப்பார். அப்படியானால் அறுகோணத்துக்கு? 60. எத்தனை பக்கமானாலும் சுற்றி வந்தால் மொத்தம் 360 பாகை. தரம் 6 பிள்ளை இதைக் காலால் நடந்து கற்றுக்கொள்கிறது.

இந்த வழி என்னுடையதல்ல. தென்னாபிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சீமோர் பேப்பர்ட் என்ற கணிதவியலாளர், 1967இல் சகாக்களோடு சேர்ந்து பிள்ளைகளுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். அதில் ஓர் 'ஆமை' உண்டு. தொடக்கத்தில் அது தரையில் உண்மையாகவே ஊர்ந்து கோடு வரைந்த ஒரு சிறிய ரோபோ; பிறகு திரைக்குள் போனது. ஆமை எப்படித் திரும்பவேண்டும் என்று தெரியாவிட்டால், நீயே ஆமையாகி நடந்து பார் என்பதுதான் அவருடைய வழி. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். பிள்ளை தன் கையால் ஒரு பொருளைச் செய்யும்போதே அறிவையும் தனக்குள் கட்டிக்கொள்கிறது என்று உறுதியாக நம்பினார். இன்று உலகெங்கும் பிள்ளைகள் பயன்படுத்தும் ஸ்கிராச் என்ற செய்நிரல் மொழி, அவருடைய சிந்தனை மரபில், அவர் பணியாற்றிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து 2007இல் வெளிவந்தது.

உங்கள் மகளுக்கும் மகனுக்கும் அடுத்த படி ஸ்கிராச்தான். இலவசம். கட்டைகளை இழுத்து ஒன்றின்கீழ் ஒன்று பொருத்தினால் செய்நிரல் ஆகிவிடும். தட்டச்சுப் பிழை என்ற தொல்லை இல்லை. 8 வயதுக்கு மேல் அது பொருந்தும். அதற்கும் சிறிய பிள்ளைகளுக்கு, வாசிக்கத் தெரியாவிட்டாலும் பயன்படுத்தக்கூடிய ஸ்கிராச் ஜூனியர் இருக்கிறது. மகளுக்கு எதில் கை ஓடுகிறது என்று பார்த்து முடிவெடுங்கள். வீட்டில் பழைய கணினி இருந்தால் போதும், புதிது வேண்டாம். பாடசாலைத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் வரும் தொடர் (ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல்), தெரிவு (நிபந்தனை பார்த்துச் செய்தல்), மீள்செயல் (திரும்பத் திரும்பச் செய்தல்) என்ற மூன்றும் இங்கேதான் உயிர் பெறுகின்றன. பரீட்சைக்காக மனனம் செய்த பாய்ச்சற் கோட்டுப்படத்தில் ஆம், இல்லை என்ற முடிவைக் குறிக்கும் சாய்சதுரப் பெட்டி, ஸ்கிராச் திரையில் நகரும் பூனை சுவரில் முட்டியதா இல்லையா என்ற கேள்வியாக மாறும்போது பிள்ளைக்கு அது பயன் உள்ள ஒன்றாகத் தெரிகிறது.

ஆனால் ஸ்கிராச்சில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் வகுப்புகளைக் கண்டிருக்கிறேன். திரையில் பூனை எப்போதும் சொன்னபடி கேட்கும். உண்மையான சக்கரம் கேட்காது. அந்தக் கேளாமையில்தான் ரோபோக் கல்வியின் சாரம் இருக்கிறது. ஆறேழு மாதத்தில் திரையிலிருந்து மேசைக்கு வந்துவிடவேண்டும்.

திரைக்கும் மேசைக்கும் நடுவே நல்ல பாலமாக மைக்ரோபிட் என்ற, செய்நிரலால் இயங்கும் சிறிய மின்சுற்று அட்டை இருக்கிறது. பிபிசி 2016இல் பிரித்தானியாவில் 11, 12 வயது மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய அட்டை அது. 25 சிறிய விளக்குகள், இரண்டு பொத்தான்கள், சாய்வையும் அசைவையும் உணரும் உறுப்பு எல்லாம் அதிலேயே பதிந்திருக்கும். ஸ்கிராச் போலவே கட்டைகளால் செய்நிரல் எழுதலாம். உங்கள் மகனின் வயதுக்குச் சரியாகப் பொருந்தும். விலை சற்று அதிகம் என்பதால் வகுப்பில் இருப்பதைப் பயன்படுத்தினால் போதும், வீட்டுக்கென்று வாங்கத் தேவையில்லை.

அதற்கு அடுத்தது ஆர்டுயினோ. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்த அட்டை. அதன் வரைபடங்கள் வெளிப்படையானவை. அதனால் யாரும் அதைப்போலச் செய்து விற்கலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் இணையக் கடைகளிலும் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அப்படிப்பட்ட நகல்கள்தாம். கற்பதற்கு அவையே போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பல நகல்களில் சிஎச்340 என்ற சில்லு (சிப்) இருக்கும். கணினி அட்டையை அடையாளம் காணாவிட்டால் அதற்கான டிரைவர் மென்பொருளை நிறுவவேண்டும். அட்டை பழுது என்று நினைத்துத் தூக்கிப்போட்ட பெற்றோரை எனக்குத் தெரியும்.

ஒரு நிறுவனத்தின் அழகான தொகுதியை நம்பி முழுக் கல்வியையும் அமைக்கவேண்டாம் என்று நான் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. லெகோ நிறுவனம் 1998இல் தொடங்கிய மைண்ட்ஸ்டோர்ம்ஸ் மிக நல்ல தொகுதி. 2022 இறுதியில் அதை நிறுத்திவிட்டார்கள். அதை மட்டுமே நம்பியிருக்கும் வகுப்பு உதிரிப்பாகத்துக்கு அலையவேண்டியதுதான். அதே 2022இல் இங்கே நமது ரூபாய் வீழ்ந்து, இறக்குமதியும் சுருங்கியபோது, கடையில் தனித்தனியாக வாங்கக்கூடிய மோட்டரும் வயரும் உணரியும் வைத்திருந்த வகுப்புகள் எப்படியோ ஓடின. எங்கள் வகுப்பும் அப்படித்தான் தப்பியது. 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்த நாள்களும் உண்டு. அந்த வாரங்களில் ஜன்னல் வெளிச்சத்தில் தாளில் கோட்டுப்படம் வரைந்தோம், ரெஜிபோம் வெட்டி உடல் செய்தோம், பென்டோர்ச் பற்றரியில் ஓடுபவற்றை ஓட்டினோம்.

ஆர்டுயினோவில் முதல் பாடம் ஒரு விளக்கை மினுங்கவைப்பது. இங்கே தமிழைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நமது பாடநூலில் 'ஒளிகாலும் இருவாயி' (எல்இடி) என்று ஒரு சொல் வருகிறது. பிள்ளைகள் அதைப் பரீட்சைக்காக எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தச் சிறிய விளக்கைக் கையில் கொடுத்து, இதுதான் அது என்று சொல்வேன். இரண்டு கால்கள், ஆகவே இருவாயி. ஒளியைக் காலுகிறது, அதாவது உமிழ்கிறது. நீண்ட காலை நேர்ப்பக்கத்தில் போட்டால் மட்டுமே எரிகிறது. சொல் பொருளோடு ஒட்டிக்கொள்ளும் கணம் அது. பிறகு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடையி ஏன் வேண்டும் என்ற கணக்கு. அட்டை தருவது 5 வோல்ட், சிவப்பு விளக்கு எடுப்பது ஏறத்தாழ 2 வோல்ட், மீதி 3 வோல்ட். 220 ஓம் தடையி போட்டால் ஏறத்தாழ 14 மில்லியம்பியர் ஓடும், விளக்கும் அட்டையும் பிழைக்கும். மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் என்ற ஓமின் விதியைப் பாடசாலையில் படிக்கும் முன்பே பிள்ளை அதைப் பயன்படுத்திவிடுகிறது.

செய்நிரலின் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் தன் ரோபோ என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்பதைப் பிள்ளை தமிழில் விளக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆங்கிலச் சொல்லை ஒப்புவிப்பது இலகு. அதற்குப் பின்னால் விளக்கம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அம்மம்மாவுக்குப் புரியும்படி தமிழில் சொல் என்றால் உண்மை வெளிவந்துவிடும்.

அம்மம்மா என்றதும் ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவள், அப்போது 13 வயது. வீட்டு மாடியில் தண்ணீர்த் தாங்கி. கீழே பம்பைப் போட்டுவிட்டு அம்மம்மா மறந்துவிடுவார்; தாங்கி நிரம்பி மாடியெல்லாம் வழியும். இவள் தாங்கியின் மேற்பகுதியில் இரண்டு வயர் நுனிகளைத் தொங்கவிட்டாள். தண்ணீர் அவற்றைத் தொட்டால் சிறிதளவு மின்னோட்டம் பாயும், ஆர்டுயினோ அதை உணர்ந்து கீழே மணியை ஒலிக்கும். முதல் நாளே வேலை செய்தது. மூன்று வாரத்தில் நின்றுபோனது. கழற்றிப் பார்த்தால் ஒரு வயர் நுனி பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. தண்ணீருக்குள் ஒரே திசையில் மின்னோட்டம் ஓயாமல் பாய்ந்தால் செம்பு கரையும் என்பதை விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். வயரை மாற்றிப் பார்க்கலாமா என்றாள். மாற்றினாலும் மறுபடி அரிக்கும் என்று அவளே சொன்னாள். கடைசியில் அவள் கண்ட தீர்வு: நிமிடத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மட்டும் வயருக்கு மின்னூட்டிப் பார்ப்பது. செய்நிரலில் இரண்டு வரி மாற்றம். பல மாதங்கள் அது ஓடியது. தண்ணீர், செம்பு, மறதியுள்ள ஒரு முதியவர், இரண்டு வரிச் செய்நிரல் எல்லாம் ஒரே இடத்தில் சந்தித்த அந்தப் பாடத்தை நான் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதியிருக்க முடியாது.

மகன் மட்டும் போதும், மகள் பிறகு பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் இருவரையும் பற்றிக் கேட்டது எனக்கு நிறைவாக இருந்தது. இருவரையும் சேருங்கள்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் கொடுக்கும் வேலை புகையிரதக் கடவை. கரையோரப் பாதையில் ஓடும் ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். கடவை எப்படி மூடித் திறக்கிறது என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிரிஸ்டல் போர்ட்டில் தண்டவாளம், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறிய சர்வோ மோட்டரில் தடுப்புக் கம்பு, ரயில் வருவதை அறிய எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற தூர உணரி. அந்த உணரி வௌவாலைப் போல நம் காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கிறது. 2 சென்டிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர் வரை பார்க்கும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. போய்வரவேண்டும் என்பதால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 58 மைக்ரோசெக்கன். இந்த எண்ணைப் பிள்ளைகளே கணக்கிட்டு எடுக்கவேண்டும். எடுத்த பிறகு, ரயில் போய்விட்டது என்று எப்படித் தெரிவது, பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கம்பு தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பேன். எல்லாக் குழுக்களும் முதல் தடவை இதில் தவறும். இடைவெளியில் கம்பு தூக்கிக்கொள்ளும், பொம்மை முச்சக்கர வண்டி பாதைக்குள் போகும். அந்தக் காட்சிக்குப் பிறகு பாதுகாப்பு என்றால் என்ன என்று நான் விரிவுரை நடத்தவேண்டியதில்லை. பாதையின் மறுபக்கத்தில் இன்னோர் உணரி வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள்.

பிறகுதான் சக்கரம் வைத்த ரோபோ. பெற்றோர் இதைத்தான் முதல் நாளே எதிர்பார்க்கிறார்கள். நானோ ஓராண்டு கழித்துத்தான் இதற்கு வருகிறேன். மஞ்சள் நிறப் பல்சக்கர மோட்டர் இரண்டு, ஆர்டுயினோவின் கட்டளைப்படி மோட்டர்களுக்கு மின்னோட்டம் கொடுக்கும் மோட்டர் இயக்கி அட்டை, நான்கு மின்கலம், ஆர்டுயினோ. முதல் கட்டளை: நேராகப் போ. போகாது. எந்தப் பிள்ளையுடையதும் போனதில்லை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு மோட்டர்களும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. வேகத்தை 0 முதல் 255 வரையான எண்ணால் சொல்லலாம். ஒன்றுக்கு 200, மற்றதற்கு 187 என்று தேடித் தேடிப் பிள்ளை தன் ரோபோவுக்கே உரிய எண்ணைக் கண்டுபிடிக்கும். அடுத்த வாரம் மின்கலம் இறங்கியிருக்கும், எண் மாறியிருக்கும். அப்போதுதான் தரையில் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டி, அந்தக் கோட்டைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொண்டு போகும் ரோபோவை அறிமுகப்படுத்துவேன். உலகம் ஒரே மாதிரி இருக்காது, ஆகவே பார்த்துத் திருத்திக்கொண்டே போகவேண்டும் என்ற எண்ணம் பொறியியலில் பெரிய எண்ணம். நேராகப் போகாத வண்டியோடு மூன்று வாரம் போராடிய பிள்ளைக்கு அது ஒரு நொடியில் புரியும். போராடாத பிள்ளைக்கு அது இன்னொரு பாடம் மட்டுமே.

இந்தக் கட்டத்தில் வரும் கோளாறுகளில் சில எல்லா வகுப்பிலும் மறுபடி மறுபடி வரும். மோட்டர் சுழலத் தொடங்கும் கணத்தில் அட்டை அணைந்து மறுபடி தொடங்கும்: தொடங்கும்போது மோட்டர் இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு அதிகம், மின்கலத்தின் அழுத்தம் ஒரு கணம் சரிந்துவிடுகிறது. சதுரமான 9 வோல்ட் மின்கலத்தால் வண்டியை ஓட்டப்பார்த்தால் இது நிச்சயம் நடக்கும். மோட்டருக்கும் அட்டைக்கும் தனித்தனி மின்கலம் கொடுத்துவிட்டு, இரண்டின் மறை (−) பக்கத்தையும் இணைக்க மறந்தால் ரோபோ பைத்தியம் பிடித்ததுபோல ஆடும். பரவலாகக் கிடைக்கும் எல்298என் இயக்கி அட்டை தானே 2 வோல்ட் அளவில் விழுங்கிவிடும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டருக்குப் போய்ச் சேர்வது 4. காலையில் அழகாகக் கோட்டில் போன வண்டி பிற்பகலில் தடுமாறினால், மேற்கு ஜன்னலால் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். சூரிய ஒளியில் உள்ள அகச்சிவப்புக் கதிர், கோட்டைப் பார்க்கும் உணரியைக் குழப்பிவிடும்.

ஒரு மாணவன் இரண்டு சனிக்கிழமைகள் முழுவதும் தன் செய்நிரலில் பிழை தேடினான். வண்டி ஓர் அடி நகரும், நிற்கும், மறுபடி ஓர் அடி நகரும். என்ன கோளாறு என்று எனக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்தது. சொல்லாமல் இருந்தேன். இந்தத் தொழிலில் எனக்கு மிகக் கடினமான வேலை அதுதான். இரண்டாம் சனிக்கிழமை மாலை, அட்டையின் சிறிய விளக்கு ஒவ்வொரு தடவையும் அணைந்து எரிவதை அவன் கவனித்தான். "சேர், இது செய்நிரல் இல்லை, பசி" என்றான். புதிய மின்கலங்களை மாற்றினான். ஓடியது. இப்போது கோளாறு வந்தால் எல்லாவற்றுக்கும் முதல், மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுக்கிறான்.

முன்பு பணியாற்றிய நிறுவனத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பாடநெறி முடிவில் பெற்றோருக்கு ஒரு கண்காட்சி. எல்லா ரோபோவும் ஓடவேண்டும் என்று உத்தரவு. முதல் நாள் இரவு நாங்கள் ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருத்தினோம். மறுநாள் பெற்றோர் கைதட்டினார்கள். பிள்ளைகள் தங்கள் ரோபோவை அந்நியமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த முகங்கள்தான் என்னை அங்கிருந்து வெளியேற்றின.

ஆகவே வகுப்பைத் தெரிவுசெய்யும்போது ஒரே ஒரு தடவை, வகுப்பு நடக்கும் நேரத்தில் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ரோபோ நின்றுபோனால் யாருடைய கை அதன்மேல் போகிறது என்று கவனியுங்கள். ஆசிரியரின் கை போனால் திரும்பி வந்துவிடுங்கள். ஓர் ஆசிரியருக்கு எட்டு, பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் இது நடக்கவும் முடியாது. ஒரு தொகுதிக்கு இரண்டு பிள்ளைகள் நல்லது, தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மூன்று பேர் என்றால் ஒருவர் பார்வையாளர் ஆகிவிடுவார். படத்தைப் பார்த்து அப்படியே பொருத்திவிட்டு, நேரம் முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் போடும் வகுப்பில் கை வேகம் வளரும், அதற்குமேல் அதிகம் வளராது. படிநிலைகளுக்கும் சான்றிதழ்களுக்கும் மயங்கவேண்டாம். ஐந்தாம் படிநிலையில் இருக்கும் பிள்ளையிடம் இரண்டு மின்கலங்கள், ஒரு சிவப்பு விளக்கு, ஒரு தடையி, வயர் கொடுத்து எரியவைக்கச் சொல்லுங்கள். தெரிந்துவிடும்.

பாதுகாப்பையும் கேளுங்கள். தொடக்க காலத்தில் ஒரு மாணவனின் வண்டியில் லிதியம் மின்கலம் போட்டுக்கொடுத்தேன். கழன்ற ஓர் ஆணி அதன் இரு முனைகளையும் தொட்டுக் குறுக்குச் சுற்று ஏற்பட்டு, மின்கலக் கூடு உருகியது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு 12 வயதுக்குக் குறைந்தவர்களின் கையில் நான் லிதியம் கொடுப்பதில்லை. சூடான பசைத் துப்பாக்கியும் ஈயப் பற்றவைப்பும் பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே. சுவர் மின்சாரம் 230 வோல்ட். அதைத் தொடும் எந்த வேலையும் பிள்ளைகளுக்கு இல்லை.

புலமைப்பரிசிலைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும். ரோபோ வகுப்பு அந்தப் பரீட்சையில் ஒரு புள்ளிகூடக் கூட்டித்தராது. பிற்காலத்தில் உயர்தரத்தில், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் தராது. பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும்தான் வழி. பல்கலைக்கழக அனுமதிக்கு உதவும் என்று எந்த வகுப்பாவது சொன்னால் நம்பவேண்டாம். மகள் தரம் 3 என்பதால் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வாரத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். தரம் 5இல் பரீட்சைக்கு முந்திய தவணையில் நிறுத்திவைத்து, பிறகு தொடரட்டும். ரோபோ எங்கும் ஓடிப்போகாது. மகனுக்கு 14 வயதானபின் ஆர்வம் தங்கியிருந்தால் பைதன் என்ற செய்நிரல் மொழிக்குப் போகலாம், போட்டிகளிலும் கலந்துகொள்ளலாம். மாலபேயில் உள்ள ஸ்லிட் உயர்கல்வி நிறுவனம் நடத்தும் ரோபோஃபெஸ்ட் போட்டியில் பாடசாலை மாணவர்களுக்கும் பிரிவு இருந்துவருகிறது. தோற்பதற்காகவேனும் ஒரு தடவை போய்வருவது நல்லது. மற்றவர்களின் ரோபோவைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே பெரிய படிப்பு.

செயற்கை நுண்ணறிவே செய்நிரல் எழுதித்தரும்போது பிள்ளை ஏன் கற்கவேண்டும் என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். என் மூத்த மாணவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள், நான் தடுப்பதில்லை. ஆனால் கழன்ற வயர், இறங்கிய மின்கலம், மேற்கு ஜன்னல் வெயில் ஆகியவை மேசையில் இருப்பவை. அவற்றைக் கண்டுபிடிக்கக் கண்ணும் கையும் பொறுமையும் உள்ள ஒருவர் மேசைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும்.

இந்த வார இறுதியில் மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போய்வாருங்கள். மோட்டரை அவர்களே கேட்டு வாங்கட்டும். வீட்டில் மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள். வயர்களை இடம் மாற்றித் தொடுத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.